8-0 தோல்வியும் 3-1 வெற்றியும்: இலங்கை இளையோர் உதைபந்தாட்ட அணியின் கணக்கை எப்படி வாசிப்பது?

2025 மே மாதம் இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில் நடந்த தெற்காசியப் போட்டியில், 19 வயதுக்குட்பட்ட இலங்கை அணி இந்தியாவிடம் 8-0 என்று தோற்றது. அடுத்த மாதமே கொழும்பில் இலங்கையின் தேசிய அணி, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் சீனத் தாய்ப்பேயை (தாய்வானை) 3-1 என்று வென்றது. ஒரே நாடு, ஒரே சம்மேளனம், இடையில் ஒரு மாதம்.

இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்தது. இலங்கை உதைபந்தாட்டம் வளர்கிறதா, விழுகிறதா? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். பாசையூரிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் பின்னேரமானால் பந்து உருளாத நாள் இல்லை. அப்படியிருந்தும் இளையோர் தேசியக் குழாமின் பெயர்ப்பட்டியல் வரும்போது எங்கள் பெடியன்களின் பெயரை ஏன் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு அடிப்படையில் இருந்து போவோம்.

"இளையோர் அணி" என்பது எந்த அணி?

செய்திகளில் 15, 16, 17, 18, 19, 20, 23 என்று எல்லா எண்ணும் வருகிறது. உண்மையில் உலக மட்டத்தில் வயது வரம்போடு நடக்கும் ஆண்கள் போட்டிகள் மூன்றுதான்.

1. 17 வயதுக்குட்பட்டோர். இதற்குத் தனி உலகக்கிண்ணம் உண்டு. அதற்கு வழி, ஆசியச் சம்மேளனம் நடத்தும் 17 வயது ஆசியக் கிண்ணம்.
2. 20 வயதுக்குட்பட்டோர். இதற்கும் உலகக்கிண்ணம் உண்டு. வழி, 20 வயது ஆசியக் கிண்ணம்.
3. 23 வயதுக்குட்பட்டோர். இது ஒலிம்பிக்கிற்கான அணி.

மற்ற எண்கள் எல்லாம் பெரும்பாலும் தெற்காசியச் சம்மேளனத்தின் போட்டிகளில் இருந்து வருபவை. அந்தச் சம்மேளனம் சிறுவர் போட்டியை 2011இல் 16 வயது என்று தொடங்கியது. 2017இல் அதை 15 ஆக்கியது, 2022இல் 17 ஆக்கியது, 2023இல் மறுபடி 16, 2024இல் மறுபடி 17. மூத்த சிறுவர்களுக்கான போட்டியும் 19, 18, 20, 19, 20, 19 என்று மாறி மாறி வந்திருக்கிறது. ஆகவே "16 வயது அணி கலைந்துவிட்டதா" என்று யாரும் பயப்படத் தேவையில்லை. போட்டியின் வயது மாறும்போது அணியின் பெயரும் மாறுகிறது, அவ்வளவுதான்.

வயது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். போட்டி நடக்கும் நாளில் ஒருவனுக்கு எத்தனை வயது என்று பார்ப்பதில்லை, எந்த ஆண்டு பிறந்தான் என்றுதான் பார்க்கிறார்கள். 2025ஆம் ஆண்டின் 17 வயது உலகக்கிண்ணத்திற்கு 2008 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகுப்பு. பதினைந்து, பதினாறு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் ஓட்டத்திலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். ஒரு நாள் தேர்வில் வாட்டசாட்டமாக நிற்பவனைத்தான் தேர்வாளரின் கண் முதலில் பிடிக்கும். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பிறந்த பத்திரத்தை மட்டும் நம்பாமல், மணிக்கட்டு எலும்பை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கும் முறையை ஃபிஃபா 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயது உலகக்கிண்ணத்தில் கொண்டுவந்தது. முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுதாக மூடியிருந்தால் அந்தச் சிறுவன் 17 வயதைத் தாண்டியவன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கில் உள்ளது என்ன?

இலங்கைச் சம்மேளனம் புதிதாக முளைத்த ஒன்றல்ல. 1939இல் தொடங்கி, 1952இல் ஃபிஃபாவிலும் 1954இல் ஆசியச் சம்மேளனத்திலும் இணைந்தது. ஆசிய இளையோர் போட்டி 1959இல் கோலாலம்பூரில் முதன்முதலாக நடந்தபோதே எங்கள் நாடு ஆசியக் குடும்பத்தில் இருந்தது. ஆனால் இன்றுவரை 17 வயது உலகக்கிண்ணத்திலோ 20 வயது உலகக்கிண்ணத்திலோ இலங்கை ஆடியதில்லை.

இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தெற்காசியாவில் எந்த நாடும் தகுதிகாண் சுற்றில் வென்று அந்த இரண்டு உலகக்கிண்ணங்களில் எதற்கும் போனதில்லை. இந்தியா 2017இல் 17 வயது உலகக்கிண்ணத்தில் ஆடியது, போட்டியை நடத்திய நாடு என்ற வழியில் கிடைத்த இடம் அது. 1974இல் பாங்கொக்கில் ஈரானோடு சேர்ந்து ஆசிய இளையோர் பட்டத்தை இந்தியா பகிர்ந்துகொண்டது. இந்தப் பிராந்தியத்தின் பெரிய பெருமை இன்றைக்கும் அதுதான்.

ஆகவே இலங்கையை யப்பானோடும் கொரியாவோடும் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அயலவரோடு வைத்துப் பார்ப்போம். அங்கேதான் வலி தெரிகிறது.

சிறுவர்களுக்கான தெற்காசியப் போட்டியில் 2011இல் பாகிஸ்தான் வென்றது. 2015இலும் 2018இலும் பங்களாதேஷ். 2013, 2017, 2019, 2022, 2023, 2024, 2025 என்று ஏழு முறை இந்தியா. மூத்த சிறுவர்களுக்கான போட்டியில் 2015இலும் 2017இலும் நேபாளம், 2019, 2022, 2023, 2025இல் இந்தியா, 2024இல் பங்களாதேஷ். இந்த இரண்டு பட்டியலிலும் இலங்கையின் பெயர் இல்லை.

2022இல் சிறுவர் போட்டி கொழும்பு றேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. இலங்கை அரையிறுதிவரை வந்து நேபாளத்திடம் தோற்றது. 2025 செப்டெம்பரில் அதே மைதானத்தில் அதே போட்டி மீண்டும் நடந்தது. இந்த முறை சொந்த மண்ணிலேயே குழு நிலையோடு வெளியேறியது. 2024இல் நேபாளத்தில் நடந்த 20 வயதுப் போட்டியிலும், மேலே சொன்ன அருணாசலப் பிரதேசப் போட்டியிலும் அதே கதைதான், குழு நிலையோடு திரும்பினார்கள்.

இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். தேசிய அணி என்பது தொடர்ச்சியான ஒன்று. ஒரு வீரர் பத்து ஆண்டுகள் அதில் ஆடலாம். இளையோர் அணி அப்படியல்ல. 2022இல் அரையிறுதி ஆடிய 17 வயது அணியில் இருந்தவர்கள் 2025க்குள் அநேகமாக எல்லோரும் வயது வரம்பைத் தாண்டிவிடுவார்கள். 2025 அணி கிட்டத்தட்ட முழுக்க வேறு பெடியன்களின் அணி. அதனால் "கடந்த முறை தோற்றோம், பாடம் படித்தோம், இந்த முறை வெல்வோம்" என்ற பேச்சு இளையோர் அணிக்குப் பொருந்தாது. பாடம் படித்தவர்கள் வயது தாண்டிப் போய்விட்டார்கள். மாறாமல் நிற்பது ஒன்றுதான், அந்தச் சிறுவர்களை 15, 16 வயதுவரை கொண்டுவந்துவிடும் ஏற்பாடு. இளையோர் அணியின் வெற்றி தோல்விக் கணக்கு சொல்வது அந்த ஏற்பாட்டின் நிலையைத்தான். அதனால்தான் 8-0 என்பதை அன்றைக்கு ஆடிய பதினொரு பேரின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஃபிஃபா இளையோர் அணிகளுக்குத் தரவரிசை வெளியிடுவதில்லை. இலங்கை 1998இல் 122ஆம் இடத்தில் இருந்தது, பிறகு 200ஐத் தாண்டி விழுந்தது என்று பேசப்படும் எண்கள் எல்லாம் மூத்த அணிக்கு உரியவை.

தொலைந்துபோன ஆண்டுகள்

இளையோர் அணியில் ஆடும் வாய்ப்பு ஒருவனுக்கு ஓரிரண்டு ஆண்டுகள்தான் திறந்திருக்கும். அந்த ஆண்டுகளில் போட்டி இல்லையென்றால் அது திரும்பி வராது. அப்படி இழந்தவை மூன்று வகை.

முதலாவது, போர். ஆசியச் சம்மேளனத்தின் சிறுவர் போட்டி 1985இல் கட்டாரில் தொடங்கியது. 2008 வரை 13 முறை நடந்தது. அந்த 13 முறையும் போர் நடந்த 26 ஆண்டுகளுக்குள் வந்து போனவை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டியிருந்த காலங்களில் கொழும்பில் ஒரு தேர்வுக்குப் போவது என்பது யாழ்ப்பாணப் பெற்றோர் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று. 2002இல் பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டியது. அந்தச் சிறிய இடைவெளி ஒரு பெடியனின் 14 வயதில் திறந்து 18 வயதில் பூட்டிவிட்டது என்று வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கொரோனா. 2021இல் நடக்கவிருந்த 17, 20 வயது உலகக்கிண்ணங்களை ஃபிஃபா கைவிட்டது. அவற்றுக்கான ஆசியப் போட்டிகளும் இல்லாமல் போயின. இது எல்லா நாட்டுக்கும் வந்த இழப்பு.

மூன்றாவது எங்களுக்கு மட்டும் வந்தது. சம்மேளனத் தேர்தலை ஒட்டிய அரசாங்கத் தலையீடு என்ற காரணத்தைச் சொல்லி ஃபிஃபா 2023 ஜனவரி 21 அன்று இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. இடைநிறுத்தம் என்றால் சம்மேளனத்தின் கூட்டங்கள் மட்டும் நிற்பதில்லை. தேசிய அணி, இளையோர் அணி, பெண்கள் அணி, கழகங்கள் என்று யாரும் வெளிநாட்டு அணியோடு ஆட முடியாது. ஃபிஃபாவின் அபிவிருத்திப் பணமும் வராது. 2023 ஜூனில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் பூட்டானில் நடந்த 16 வயதுப் போட்டியிலும் நேபாளத்தில் நடந்த 19 வயதுப் போட்டியிலும் இல்லை. நிர்வாகத்தில் இருந்தவர்கள் போட்டியிட்டுக்கொண்டது நாற்காலிக்கு. விலை கொடுத்தது 15 வயதுப் பெடியன்கள். 2025இல் 8-0 வாங்கியது கிட்டத்தட்ட அதே, அந்த வெற்றிடத்திலேயே வளர்ந்த தலைமுறை.

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால்

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்ட் பற்றிக்ஸ், இளவாலை சென்ட் ஹென்றிஸ் போன்ற பாடசாலைகளுக்கு இந்த விளையாட்டில் நீண்ட பெயர் இருக்கிறது. தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அணி நாடு முழுதும் தெரிந்த பெயர். கரையோரக் கிராமங்களில் கழகமும் கோயிலும் ஒரே மூச்சில் பேசப்படும். போருக்குப் பின் இந்தியாவின் உதவியோடு திருத்தப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு 2016இல் திறக்கப்பட்டது. அரியாலையில் பயிற்சி மையத்தின் மைதானம் இருக்கிறது. அப்படியென்றால் எங்கே தடைப்படுகிறது?

*போட்டி இருக்கிறது, லீக் இல்லை.* எங்கள் ஊர்களில் பெரிதாக நடப்பது கழகங்கள் வைக்கும் சுற்றுப்போட்டி. பெரும்பாலும் விலகல் முறை. தோற்றால் வீட்டுக்கு. பல போட்டிகள் அணிக்கு 7 பேர் அல்லது 9 பேர் என்று, மின்னொளியில், குறைந்த நேரத்துக்கு நடக்கும். சனம் கூடும், ஊரே நிற்கும், அந்த உணர்ச்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் 15 வயதுப் பெடியன் வளர்வதற்கு இது போதாது. அவனுக்கு வேண்டியது அவன் வயதினரோடு, 11 பேர் அணியாக, முழு மைதானத்தில், கிழமைக்கு ஒன்று என்று ஆண்டு முழுக்க ஆடும் லீக். முதல் சுற்றில் வெளியேறும் அணியின் பெடியனுக்கு ஒரு சுற்றுப்போட்டி தருவது ஓர் ஆட்டம். பத்து அணி லீக் ஒன்றில், எல்லா ஆட்டத்தையும் தோற்றாலும், அவன் இரண்டு சுற்றில் 18 ஆட்டம் ஆடுவான். பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது, பின்வரிசை எப்போது ஏறுவது என்பதெல்லாம் 7 பேர் ஆட்டத்தில் வராது. சர்வதேச அரங்கில் எங்கள் அணிகள் உடைவது திறமைக் குறைவால் அல்ல. உடைவது இந்த இடத்தில்தான்.

*வயதுப் பிரிவுகள் பொருந்தவில்லை.* பாடசாலைப் போட்டிகள் 16, 18, 20 என்ற பிரிவுகளில் நடக்கின்றன. தேசியத் தேர்வு கேட்பது 17உம் 20உம். 17 வயதுத் தேசிய அணிக்கு உரிய பெடியன் பாடசாலையில் 18 வயது அணியின் இளையவனாக வெளியே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருப்பவனைத் தேர்வாளர் எப்படிப் பார்ப்பார்?

*பரீட்சை.* 16 வயதில் சாதாரண தரம், 18, 19 வயதில் உயர்தரம். இளையோர் அணியின் இரண்டு வாசல்களும் இந்த இரண்டு பரீட்சைகளுக்கு நேரே திறக்கின்றன. பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு கொழும்புப் பயிற்சி முகாமுக்குப் போகிறேன் என்றால், ரியூசன் பாடம் விடுபடும் என்று தாய் தகப்பன் தடுப்பதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. விளையாட்டில் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவர்களின் கண்முன் விடை இல்லை. முகாமிலேயே பாடமும் நடக்கும் என்ற உறுதியை யாராவது கொடுத்தால் அந்தப் பேச்சு வேறாக இருக்கும்.

*தூரமும் மொழியும்.* கொழும்பு 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, காலையில் தேர்வில் ஓடும் பெடியனும், வீட்டில் படுத்து எழுந்து வரும் கொழும்புப் பெடியனும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள். முகாமில் பயிற்றுநர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். "உள்ளே வா, ஆளைப் பிடி" என்ற ஒரு சொல்லை அரை நொடி தாமதமாக விளங்கிக்கொள்பவன் மந்தமானவன்போலத் தெரிவான். அவன் மந்தமானவன் இல்லை.

*மேலே போகும் படி இல்லை.* 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் பத்து கழகங்கள் இருந்தன. வடக்கில் இருந்து ஒன்றுகூட இல்லை. ஊரில் நல்லாய் ஆடும் 18 வயதுக்காரனுக்கு அடுத்த படி என்ன? பெரும்பாலும் படை அணி ஒன்று, அல்லது கொழும்புக் கழகம் ஒன்று. படை அணியில் சேர்வது என்பது எங்கள் பிரதேசத்தில் வெறும் விளையாட்டு முடிவு அல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஐந்தில் எதற்கு முதலில் கை வைப்பது என்று கேட்டால், லீக் என்பேன். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மைதானம் இருக்கிறது, கழகம் இருக்கிறது, நடுவர்கள் இருக்கிறார்கள், பார்க்கச் சனமும் இருக்கிறது. தேவை, ஒரு நாட்காட்டியும் அதை மாற்றாமல் நடத்தும் பிடிவாதமும்.

அப்படியென்றால் 3-1 எங்கிருந்து வந்தது?

இப்போது முதல் குழப்பத்துக்கு வருவோம். மூத்த தேசிய அணி அண்மைக் காலத்தில் எழுந்ததற்கு முக்கிய காரணம் வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள். பேர்லினில் பிறந்த வசீம் ராசீக், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியின் கிளாடியோ கமர்க்னெக்ட், இங்கிலாந்தின் டிலன் டி சில்வா என்று அந்த வரிசை நீள்கிறது. ஆதவன் போன்ற பெயர்களை அணியில் காணும்போது எங்களுக்கு வரும் மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அவர்களின் 12 வயதில் இருந்து 19 வயது வரையான ஆண்டுகள் ஐரோப்பியக் கழகங்களின் சிறுவர் அணிகளிலும் லீக்குகளிலும் கழிந்தவை. மூத்த அணி அந்த விளைச்சலை வாங்குகிறது. 19 வயது அணி இங்கே விதைத்ததை அறுக்கிறது. ஒரு மாத இடைவெளியில் 8-0உம் 3-1உம் வந்ததில் முரண் எதுவும் இல்லை. அவை இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளின் பெறுபேறுகள்.

இளையோர் அணிக்கும் இதே வழியைப் பின்பற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரளவு முடியும். பெற்றோர் வழியில் இலங்கைக் குடியுரிமையைப் பதிவுசெய்து கடவுச்சீட்டு எடுத்தால் ஆடலாம். வேறு நாட்டின் இளையோர் அணியில் ஆடியவர்கூட, 21 வயதுக்கு முன் இளையோர் மட்டத்தில் மட்டும் ஆடியிருந்தால், நிபந்தனைகளோடு ஒருமுறை நாடு மாற ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது. நடைமுறையில் சிக்கல் வேறு. 16 வயதில் பாரிஸிலோ ரொறன்ரோவிலோ நன்றாக ஆடும் பிள்ளையின் கண் அந்த நாட்டு அணியில் இருக்கும். இலங்கை அவன் நினைவுக்கு வருவது பெரும்பாலும் 20ஐத் தாண்டிய பிறகுதான். அதனால் இந்த வழி மூத்த அணிக்குக் கைகொடுக்கும் அளவுக்கு இளையோர் அணிக்குக் கைகொடுக்காது.

இனி என்ன மாறுகிறது?

17 வயது உலகக்கிண்ணம் முன்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 24 அணிகளோடு நடந்தது. 2025 முதல் 2029 வரை ஒவ்வோர் ஆண்டும் கட்டாரில், 48 அணிகளோடு நடக்கிறது. பெண்களுக்கான 17 வயது உலகக்கிண்ணமும் அதே ஐந்து ஆண்டுகளுக்கு மொரொக்கோவில் ஆண்டுதோறும் நடக்கிறது. மகாஜனாவின் மைதானத்தில் இன்று ஓடும் பிள்ளைகளுக்கும் இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி.

கேட்டவுடன், கதவு அகலமாகிவிட்டது என்று தோன்றும். போட்டியை நடத்தும் கட்டாரைச் சேர்க்காமலே ஆசியாவுக்கான இடங்கள் 8 ஆகிவிட்டன என்பது உண்மை. ஆனால் கீழே நிற்கும் நாடுகளுக்கு வாசல் ஒடுங்கியிருக்கிறது. 2025 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிகாண் சுற்றில் 10 குழுக்களின் முதலிடத்தோடு, இரண்டாம் இடம் பெற்றவர்களில் சிறந்த ஐந்து அணிகளும் போயின. 2026 ஆசியக் கிண்ணத்துக்கோ, 2025 உலகக்கிண்ணத்தில் ஆடிய 9 ஆசிய அணிகளுக்கு (கட்டாரையும் சேர்த்து) நேரடி இடம். மிச்சமுள்ள நாடுகள் 7 இடங்களுக்குப் போட்டி, குழுவில் முதலிடம் வந்தால் மட்டும். அந்த வாசலாலும் நுழைய முடியும் என்பதை இந்தியா காட்டியது. 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை 2-1 என்று வென்று குழுவில் முதலிடம் பெற்றது. தெற்காசியப் போட்டியில் எங்களோடு ஆடும் அதே இந்தியாதான்.

ஆண்டுதோறும் போட்டி என்பதன் இன்னொரு பொருள், ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் இப்போது ஓர் உலகக்கிண்ணம் இருக்கிறது. 2009இல் பிறந்தவர்களுக்கு 2026. 2010இல் பிறந்தவர்களுக்கு 2027. 2011இல் பிறந்தவர்களுக்கு 2028. இதே ஒழுங்கு தொடர்ந்தால், 2028இற்கான தகுதிகாண் ஆட்டங்கள் 2027இன் இறுதியில் வரும், குழாம் அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் திரள வேண்டும். 2011இல் பிறந்த யாழ்ப்பாணப் பெடியன் அந்த நேரம் 11ஆம் தரத்தில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். அதற்கிடையில் அவன் முழு மைதானத்தில் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பான் என்பதை இந்த ஆண்டுக்கான லீக் நாட்காட்டி முடிவுசெய்கிறது.